சாணத்திலிருந்து எது போகிறது, எது மிஞ்சுகிறது?

சாண எரிவாயுவைப் பற்றி ஊரில் பேச்செடுத்தால் இரண்டு வகையான பதில்கள் வரும். "கேஸ் எடுத்துவிட்ட சாணம் வெறும் சக்கை, அதை வயலில் போட்டு என்ன பயன்?" என்று கேட்பவர் ஒருவர். "நாலு மாடு இருந்தால் போதும், சிலிண்டரும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்" என்று கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டுபவர் இன்னொருவர். முதலாமவர் சாணத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார். இரண்டாமவர் கூட்டி மதிப்பிடுகிறார். மூடிய குழிக்குள் சாணத்துக்கு என்ன நேர்கிறது, அதிலிருந்து எது வெளியேறுகிறது, எது உள்ளேயே தங்குகிறது என்ற வரவு செலவுக் கணக்கை இருவருக்கும் யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இதைப் புரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மாவு புளிப்பதைப் பார்த்திருந்தால் போதும்.

இட்லி மாவிலிருந்து தொடங்குவோம்

இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. அதற்குள் யாரும் காற்றடிக்கவில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களைத் தின்று, அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியேற்றியிருக்கின்றன. அமிலத்தை நாம் புளிப்பாக உணர்கிறோம். வாயு குமிழ்களாகத் தெரிகிறது. மார்கழிக் குளிரில் மாவு எளிதில் பொங்காது என்பதும், சித்திரையில் சற்று அசந்தால் புளித்துப்போகும் என்பதும் எல்லாச் சமையலறைகளும் அறிந்த செய்தி. சாணக் குழியும் இதே விதிகளுக்குத்தான் கட்டுப்படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொங்கிய மாவைப் பார்த்து, வாயு வெளிவந்துவிட்டது, இனி இதில் சத்தில்லை என்று எவரும் கொட்டிவிடுவதில்லை. வாயுவாகப் போனது மாவின் மிகச் சிறிய பங்கு என்பதும், மிச்சம் முழுவதும் உணவாகவே இருக்கிறது என்பதும் நமக்கு இயல்பாகவே தெரிகிறது. சாணத்தின் விஷயத்தில் மட்டும் ஏனோ இந்தத் தெளிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மாவிலிருந்து வரும் வாயு எரியாது. கார்பன் டை ஆக்சைடு என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த கரியைப் போன்றது. அடுப்புச் சாம்பலை மறுபடி பற்றவைக்க முடியாததைப் போல அதையும் பற்றவைக்க முடியாது. எரியக்கூடிய வாயு கிடைக்க வேண்டுமானால், காற்றே புகாத இடத்தில், ஒரே இரவில் முடியாமல் பல வாரங்கள் தொடர்கிற வேறொரு புளிப்பு நடைபெற வேண்டும். அந்த எரியும் வாயுவின் பெயர் மெத்தேன்: ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த, நிறமும் மணமும் அற்ற வாயு. சேற்றுக் குட்டையைக் குச்சியால் கிளறினால் குமிழ்குமிழாக வருவதில் பெரும்பகுதி இதுதான். இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து இதைச் சேகரித்து எரித்துக் காட்டியவர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. அது நடந்தது 1776ஆம் ஆண்டில்.

மாட்டின் வயிற்றில் தொடங்கும் வேலை

மாடு புல்லைத் தின்று வாழ்கிறது என்று சொல்கிறோம். புல்லின் நாரைச் செரிக்கும் ஆற்றல் மாட்டுக்குக் கிடையாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குத்தான் அது உண்டு. காற்றில்லாத, வெதுவெதுப்பான, நீர் நிறைந்த அந்தப் பையில் அவை நாரை உடைத்துத் தருகின்றன, மாடு அதை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வேலையின்போது உண்டாகும் மெத்தேனை மாடு ஏப்பமாக வாய் வழியே வெளியே விடுகிறது. மாடு பின்புறமாகத்தான் வாயுவை விடுகிறது என்ற பரவலான நம்பிக்கை தவறு, பெரும்பகுதி ஏப்பம்தான். சாண எரிவாயுத் திட்டம் எதனாலும் அந்த ஏப்பத்தைப் பிடிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனெனில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் செய்திகள் நிறைய வருகின்றன.

மாடு செரித்தது போக மிஞ்சிய நாரும், அந்த நாரை உடைக்கத் தெரிந்த நுண்ணுயிர்களும் சேர்ந்தே சாணமாக வெளிவருகின்றன. அதாவது சரக்கும் சமையற்காரரும் ஒரே பொட்டலத்தில் வருகிறார்கள். இந்தச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத ஒரு தொட்டியில் அடைத்தால், மாட்டின் வயிற்றில் பாதியில் நின்ற வேலை அங்கே தொடர்கிறது. அந்தத் தொட்டிக்குச் செரிகலன் என்று பெயர். மண்ணுக்குள் கட்டிய, கால் இல்லாத ஒரு மாடு என்று அதை நினைத்துக்கொள்வது எனக்குப் பயனுள்ளதாக இருந்திருக்கிறது: அதற்குத் தினமும் தீனி வைக்க வேண்டும், அளவு மீறினால் வயிறு கெடும், குளிரில் சுருண்டுகொள்ளும், பட்டினி போட்டால் படுத்துவிடும்.

இரு கூட்டத்தார்

செரிகலனுக்குள் நடப்பதைப் பாடநூல்கள் நான்கு படிகளாகப் பிரிக்கும். தொடக்க நிலையில் இரண்டு கூட்டத்தாரைத் தெரிந்துகொண்டால் போதும். முதற்கூட்டம் சாணத்திலுள்ள நாரையும் மாவுப்பொருளையும் கொழுப்பையும் உடைத்துச் சிறு அமிலங்களாக்குகிறது. காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலம் அவற்றில் முதன்மையானது. இவர்களை அமிலமாக்கிகள் என்போம். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மெத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகிறது. இவர்கள் மெத்தேனாக்கிகள்.

கலன் ஓடுவதும் நிற்பதும் இவர்கள் இருவரின் வேகத்தைப் பொறுத்தது. அமிலமாக்கிகள் வேகமாகப் பெருகுபவர்கள், எதையும் தாங்குபவர்கள். மெத்தேனாக்கிகள் மெதுவாகப் பெருகுபவர்கள். ஆக்ஸிஜன் பட்டால் ஆகாது, புளிப்பு மிகுந்தால் ஆகாது, குளிர்ந்தால் ஆகாது. சுமார் 35 டிகிரி வெப்பமும், புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலையும்தான் அவர்களுக்கு உகந்தவை. வீட்டில் விருந்து முடிந்து மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் ஒரே நாளில் கலனுக்குள் கொட்டினால் அமிலமாக்கிகள் அன்றே வேலையை முடித்துவிடுவார்கள். உண்டான அமிலம் முழுவதையும் மெத்தேனாக்கிகளால் தின்ன முடியாது. தின்னாத அமிலம் தேங்கத் தேங்கக் கலவை புளிக்கும், புளிக்கப் புளிக்க அவர்கள் மேலும் மந்தமாவார்கள். கலனில் வாயு வரும், ஆனால் அடுப்பில் பற்றாது. வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. இதற்கு மருந்து, சில நாள் தீனியை நிறுத்திவிட்டுப் பொறுத்திருப்பதுதான். தீனி போதவில்லை என்று நினைத்து மேலும் கொட்டுகிறவர்கள் கலனைக் கொன்றுவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாணம் தானாக வாயுவாவதில்லை, நுண்ணுயிர்கள் அதை இரண்டு கட்டமாகத் தின்கின்றன, இரண்டாவது கட்டம் மெதுவானது, காற்றை வெறுப்பது, அந்தக் கட்டத்தில்தான் எரியும் வாயு பிறக்கிறது.

கலனுக்கு அருகில்

இந்தியாவில் இரண்டு வடிவங்கள் பரவலானவை. ஒன்று, கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்திலிருந்து பரப்பிய மிதக்கும் மூடி வடிவம்: கிணறு போன்ற வட்டத் தொட்டியின் மேல் கவிழ்த்த இரும்பு டிரம் ஒன்று வாயு சேரச் சேர மேலே எழும்பும், அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைத் திண்ணையிலிருந்தே பார்த்துச் சொல்லலாம். இரும்பு துருப்பிடிக்கும் என்பதே அதன் எமன். மற்றொன்று, 1984இல் வந்த தீனபந்து வடிவம்: செங்கல்லால் கட்டி மண்ணுக்குள் புதைத்த குவிமாடம். இதில் அசையும் பகுதி எதுவும் இல்லை. வாயு சேரும்போது அது சாணக் கரைசலை அழுத்தி வெளியேற்றுத் தொட்டிக்குத் தள்ளும். வாயு செலவாகும்போது கரைசல் திரும்பி உள்ளே வரும். சமையல் நேரத்தில் அந்தத் தொட்டியின் அருகே நின்றால், கரைசலின் மட்டம் மெல்ல மெல்லத் தாழ்வது கண்ணுக்குத் தெரியும்.

நாள்தோறும் செய்யும் வேலை எளிது, ஆனால் கை அழுக்காகும் வேலை. காலையில் தொழுவத்தைக் கூட்டி அள்ளிய சாணத்தை உள்ளீட்டுத் தொட்டியில் போட்டு, அதே அளவு தண்ணீர் ஊற்றி, கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். வைக்கோல் துரும்பு, கல், மண் ஆகியவற்றைக் கையால் அரித்து எடுத்துவிட வேண்டும். துரும்பு மிதந்து மேலே ஏடு கட்டும், மண் அடியில் தங்கி ஆண்டுக்கு ஆண்டு கலனின் கொள்ளளவைத் தின்னும். பிறகு அடைப்பை எடுத்தால், தோசை மாவைவிடச் சற்று நீர்த்த அந்தக் கரைசல் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். அதே அளவு பழைய கரைசல் மறுபுறம் வெளியே வழியும். இவ்வாறு வழியும் செரித்த கரைசலை விவசாயிகள் ஸ்லரி என்கிறார்கள்; நாமும் அப்படியே சொல்வோம். உள்ளே போன சாணம் ஸ்லரியாக வெளியே வர 30 முதல் 55 நாள்கள் பிடிக்கும். வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களுக்குக் குறைந்த நாள்களும், இமயமலை அடிவாரத்துக்கு அதிக நாள்களும் கணக்கிட்டுக் கலனின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

இரண்டு கன மீட்டர் கலன், அதாவது நாளொன்றுக்கு அவ்வளவு வாயு தரும் கலன் ஒன்றை முதன்முதலாக நிரப்ப 2 டன் அளவுக்குச் சாணம் வேண்டியிருக்கும். நிரப்பியவுடன் வரும் வாயு எரியாது. மெத்தேனாக்கிகள் பெருகும் வரை காத்திருந்து, முதல் வாயுவைத் திறந்துவிட்டுவிட வேண்டும். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து இரண்டு குடம் ஸ்லரியை வாங்கிவந்து ஊற்றுவது நல்ல பழக்கம். பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதுதான் அதுவும்.

அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். சமையல் கேஸ் அடுப்பில் அப்படியே சாண எரிவாயுவை இணைத்துவிட்டுச் சுடர் சரியில்லை என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் சமையல் கேஸ் எரிய 25 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஒரு லிட்டர் சாண எரிவாயுவுக்கு 6 லிட்டருக்குள் காற்றுப் போதும். அழுத்தமும் குறைவு. ஆகவே வாயு வரும் துளை பெரிதாகவும், காற்று நுழையும் வழி சிறிதாகவும் உள்ள தனி அடுப்பு தேவை. சரியான அடுப்பில் சுடர் நீலமாக, புகையில்லாமல், மெல்லிய இரைச்சலுடன் எரியும்.

25 கிலோ சாணத்தின் கணக்கு

இனி, தொடக்கத்தில் சொன்ன வரவு செலவுக்கு வருவோம். 25 கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் 1 கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் வாயு கிடைக்கும் என்பது இந்தியாவில் நெடுங்காலமாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. 1,000 லிட்டர் என்றதும் பெரிய அளவாகத் தோன்றும். அந்த வாயுவைத் தராசில் நிறுத்தால் என்ன எடை இருக்கும்?

அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மெத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. இரண்டையும் சேர்த்தால் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். 25 கிலோ சாணத்தில் 20 கிலோ வெறும் தண்ணீர், 5 கிலோதான் உலர்பொருள். அந்த 5 கிலோவில் ஒரு கிலோ சொச்சம் வாயுவாகப் போனது. 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்லரியில் தங்கிவிட்டது.

போன ஒரு கிலோவில் என்ன இருந்தது என்பது அதைவிட முக்கியமானது. மெத்தேனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு. கார்பன் டை ஆக்சைடில் கார்பனும் ஆக்ஸிஜனும் மட்டுமே உண்டு. பயிருக்கு நாம் காசு கொடுத்து வாங்கும் தழைச்சத்தாகிய நைட்ரஜனோ, மணிச்சத்தாகிய பாஸ்பரஸோ, சாம்பல்சத்தாகிய பொட்டாசியமோ இந்த இரண்டு வாயுக்களிலும் இல்லை. ஆகவே, உள்ளே போன தழைச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் ஸ்லரியில் இருக்கிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அப்படியே. குறைந்துபோனது, மண்ணுக்குப் பொலபொலப்பைத் தரும் கார்பனில் ஒரு பகுதி மட்டுமே. குப்பைக்குழியில் எருவாக மக்கவைத்தாலும் அந்தக் கார்பனில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில்தான் கலக்கிறது. என்ன, அங்கே அது அடுப்பெரிக்காமல் போகிறது.

உண்மையில் சத்தை இழக்கும் வழி வறட்டி தட்டுவதுதான். வறட்டியை எரிக்கும்போது தழைச்சத்து முழுவதும் புகையோடு போய்விடும். அதோடு, திறந்த விறகடுப்பில் எரியும் வறட்டியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பாத்திரத்தைச் சேர்கிறது. சாண எரிவாயு அடுப்பில் அது பாதிக்கு மேல். வறட்டியை ஆண்டாண்டுகளாக எரித்துவந்த சமூகம், வாயு எடுத்தால் சத்துப் போய்விடும் என்று கவலைப்படுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

எரிபொருள் கணக்கையும் பார்க்கலாம். அந்த 1 கன மீட்டர் வாயு, 0.43 கிலோ சமையல் கேஸுக்கு ஈடானது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 33 கன மீட்டர் வாயு, அதாவது 800 கிலோவுக்கு மேல் பச்சைச் சாணம் வேண்டும். காணொளிகளின் துள்ளல் இந்த எண்ணைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

ஸ்லரியைக் கையாளும் முறை

ஸ்லரியில் தழைச்சத்தின் பெரும்பங்கு, பயிர் உடனே உறிஞ்சக்கூடிய அம்மோனிய வடிவுக்கு மாறியிருக்கும். இது நன்மை. அதே வடிவம் எளிதில் ஆவியாகும் என்பது தீமை. ஸ்லரியை வெயிலில் பரப்பிக் காயவைத்து, பொடியாக்கி, மூட்டை கட்டி வயலுக்குக் கொண்டுபோகிறவர், வழியிலேயே தழைச்சத்தில் கணிசமான பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார். பிறகு பயிர் வெளுத்துப்போனால் பழி வாயுக் கலன் மேல் விழுகிறது. சக்கை என்ற பேச்சு பல இடங்களில் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஸ்லரியைப் பாசன வாய்க்காலில் நீரோடு கலந்து விடுவது, அல்லது இலைதழை நிறைந்த எருக்குழிக்குள் ஊற்றி மூடிவிடுவது நல்லது.

ஸ்லரிக்கு விலை உண்டு என்பதைக் காட்டிய இடம் குஜராத்தின் ஆனந்த் மாவட்டம். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அங்கே ஜக்கரியாபுரா என்ற ஊரில் வீட்டுக்கு வீடு சிறு கலன்களை அமைத்து, பெண்களிடமிருந்து மிகுதி ஸ்லரியை விலைக்கு வாங்கி, இயற்கை உரமாக்கி விற்கும் ஏற்பாட்டைச் செய்தது. பால் கூட்டுறவில் காலையில் பாலை அளந்து ஊற்றிய அதே கைகள் ஸ்லரியையும் அளந்து ஊற்றின. வாயு அவர்கள் அடுப்பில் எரிந்தது. அதற்குப் பிறகும் விற்க ஒரு பொருள் மிஞ்சியிருந்தது. இத்தகைய ஆலைகளில் உருவாகும் நொதித்த இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித்தொகை வழங்க ஒன்றிய அரசு 2023இல் ஒப்புதல் அளித்தது.

சுருக்கம் இதுதான்: வாயுவாகப் போவது கார்பனின் ஒரு பகுதி, உரச்சத்துக்கள் ஸ்லரியில் தங்குகின்றன, அவற்றை இழப்பதும் காப்பதும் ஸ்லரியைக் கையாள்பவர் கையில் இருக்கிறது.

சிலிண்டரில் ஏன் அடைக்க முடியவில்லை?

மிகுதியாகும் வாயுவைச் சிலிண்டரில் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்பது பலருக்கும் எழும் நியாயமான கேள்வி. சமையல் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் தளும்புவது தெரியும். அதிலுள்ள புரொப்பேனும் பியூட்டேனும் சாதாரண வெப்பத்திலேயே மிதமான அழுத்தத்தில் திரவமாகிவிடும். திரவமாகும்போது கன அளவு வெகுவாகச் சுருங்கும். மெத்தேன் அவ்வாறு வளைந்துகொடுக்காது. கழித்தல் 82 டிகிரிக்குக் கீழே குளிர்விக்காமல், எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஆகவே வீட்டில் அதைச் சிலிண்டரில் அடைக்க முயல்வது பயனற்றது, ஆபத்தானதும்கூட.

வாகனங்களுக்கு அதைப் பயன்படுத்தும் வழி வேறு. முதலில் வாயுவைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவு அதில் இருக்கும். அது உலோகத்தை அரிக்கும் நச்சு. இரும்புத் துருவின் வழியே செலுத்தினால் துரு அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து, எரியாத கார்பன் டை ஆக்சைடை நீக்க வேண்டும். அழுத்தத்தில் அது தண்ணீரில் நன்றாகக் கரையும், மெத்தேன் கரையாது. சோடா பாட்டிலுக்குள் கரைந்திருப்பதும் அதே வாயுதான். இப்படிக் கழுவி, மெத்தேனின் பங்கை 90 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தி, காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்குக்கு மேல் அழுத்திக் கனத்த உருளைகளில் அடைத்தால் அது அழுத்தப்பட்ட உயிர்வாயு, சுருக்கமாக சி.பி.ஜி. பெட்ரோல் பங்க்குகளில் நிரப்பும் சி.என்.ஜி.யும் (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) இதுவும் வண்டிக்கு ஒன்றே. இந்திய அரசு 2018இல் தொடங்கிய கோபர்தன், சதத் ஆகிய திட்டங்கள் இந்த வாயுவை நோக்கியவை.

குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் பால் கூட்டுறவு ஒன்றியமே நடத்தும் ஆலை, விவசாயிகளிடம் கிலோ 1 ரூபாய்க்குச் சாணம் வாங்கி, நாளொன்றுக்கு 40 டன் வரை செரிக்கும் அளவில் அமைந்தது. நாம் மேலே போட்ட கணக்கின்படி 40 டன்னில் 1,600 கன மீட்டர் வாயு. சுத்தம் செய்தபின் 600 முதல் 700 கிலோ எரிபொருள். 40 டன் சாணத்தில் 32 டன் தண்ணீர் என்பதை நினைவில் வைத்தால் இத்தொழிலின் கழுத்தைப் பிடிக்கும் சிக்கல் புரியும்: லாரியில் ஏற்றிச் செல்வது பெரும்பாலும் தண்ணீரை. தூரம் கூடக் கூட, கிடைக்கும் எரிபொருளின் மதிப்பை டீசல் செலவு தின்றுவிடும். பால் வண்டி ஏற்கெனவே வந்துபோகும் ஊர்களில், மாடுகள் நெருங்கி வாழும் இடங்களில்தான் பெரிய ஆலை நிலைக்கும்.

கோழி எச்சம் வேறு கதை

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளில் கூண்டுகளுக்குக் கீழே குவியும் எச்சத்தைப் பார்த்தவர்கள், சாணத்தைப் போலவே இதையும் கலனில் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், கோழி எச்சத்தில் வாயு மிகுதியாகவே வரும். ஆனால் பறவைகள் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை, எல்லாம் ஒன்றாகவே வருகிறது. அதனால் எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம். மாட்டுச் சாணத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 பங்கு அளவில் கார்பன் இருந்தால், கோழி எச்சத்தில் 10 பங்கு அளவே இருக்கும். கலனுக்குள் அந்த மிகுதித் தழைச்சத்து அம்மோனியாவாகி, மெத்தேனாக்கிகளை முடக்கிவிடும். சோறில்லாமல் கறியை மட்டும் தின்றது போன்ற நிலை அது. சோற்றுக்கு ஈடாகக் கார்பன் நிறைந்த வேறொரு கழிவைக் கலக்க வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளில் மிஞ்சும் திப்பி அதற்குப் பொருத்தமானது. இறகும், தீவனத்திலுள்ள கிளிஞ்சல் துகளும் அடியில் படிவது தனித் தொல்லை.

கோழி எச்சம் மரத்தூளோடு கலந்து காய்ந்ததாக இருந்தால், நேரடியாக எரித்து மின்சாரம் எடுப்பதும் உண்டு. இங்கிலாந்தின் ஐ என்ற சிற்றூரில் 1992இல் இத்தகைய மின்நிலையம் தொடங்கியது. எரிப்பதில் தழைச்சத்து போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பல் உரமாக விற்கப்படுகிறது. செரிப்பதற்கும் எரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் கொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

வேறு சில பொருள்கள்

வாயுவும் உரமும் போக, சாணத்தின் நாரையே பொருளாக்கும் முயற்சிகளும் உண்டு. ஜெய்ப்பூரிலுள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம் சாண நாரைக் கலந்து காகிதம் செய்தது. அங்கே உருவான சாணச் சுவர்ப்பூச்சு 2021 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயருக்குரிய ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். கிராமப் பொருளாதாரம் பற்றிப் பேசியவர். காற்றில்லாமல் சாணத்தைச் சூடாக்கினால் உயிர்க்கரி கிடைக்கும். அது மண்ணில் நெடுங்காலம் அழியாமல் நீரைப் பிடித்துவைக்கும். ஸ்லரியில் மெக்னீசியத்தைச் சேர்த்தால் அம்மோனியமும் மணிச்சத்தும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகப் படியும். அது மெதுவாகக் கரையும் உரம். இவையெல்லாம் நல்ல பொருள்களே, ஆனால் நான்கு மாடு வைத்திருப்பவருக்கு உரியவை அல்ல.

தூய எரிபொருள் என்பதன் பொருள்

சாண எரிவாயு எரியும்போதும் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்கிறது. அதைத் தூயது என்பதற்குக் காரணம், அந்தக் கார்பன் சில மாதங்களுக்கு முன் புல் காற்றிலிருந்து எடுத்த கார்பன். நிலத்தடியிலிருந்து புதிதாகத் தோண்டியது அல்ல. சமையலறையில் புகையில்லை என்பது அதைவிட நெருக்கமான நன்மை.

ஆனால் எரிக்கப்படாத மெத்தேன் வேறு. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். குழாயில் கசிவும், குவிமாடத்தில் விரிசலும் உள்ள கலன், பெற்ற நன்மையைக் கணிசமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் கழிவை நீரோடு பெரிய குட்டைகளில் தேக்குகிறார்கள். காற்றில்லாத அந்தக் குட்டையிலிருந்து மெத்தேன் தானாகவே எழும். அங்கே மூடி போட்டு வாயுவைப் பிடிப்பது பெரிய தடுப்பு. நம் ஊரில் காய்ந்த மண்ணில் பரவிக் கிடக்கும் சாணத்திலிருந்து எழும் மெத்தேன் குறைவு. ஆகவே அவர்களுடைய எண்களை அப்படியே எடுத்து இங்கே பேசுவது சரியில்லை. நமக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் விறகு, புகை, உரச்செலவு ஆகியவற்றில்தான் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழுது பார்ப்பதற்காகக் கலனுக்குள் தன்னந்தனியே இறங்கக் கூடாது. உள்ளே சுவாசிக்கக் காற்று இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மூக்கு முதலில் அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும், ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குவது உயிருக்கு ஆபத்து. விழுந்தவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்கியவரும் மீளாத நேர்வுகள் இருக்கின்றன.

எத்தனை மாடு வேண்டும்?

2 கன மீட்டர் கலன் நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்குப் போதும். அதற்குத் தினமும் 50 கிலோ சாணம் தேவை. ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ போடும் என்று வைத்து, ஐந்து மாடு என்று கையேடுகள் சொல்லும். மாடு நாள் முழுவதும் தொழுவத்தில் கட்டியிருந்தால்தான் அந்தக் கணக்குச் சரி. காலையில் மேய்ச்சலுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் மாட்டின் சாணத்தில் ஏறத்தாழ பாதி மேய்ச்சல் நிலத்தில் விழுந்துவிடும்; அது அந்த நிலத்துக்கு உரம், கலனுக்கு இழப்பு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மேய்ச்சல் மாடுகளை நம்பிக் கட்டிய கலன் பாதி வயிற்றோடு சில ஆண்டுகள் ஓடியது. பிள்ளைகள் வெளியூர் போனபின் மாடுகளை விற்றார்கள். இப்போது அதன் இரும்பு டிரம் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, அடியில் கோழிகள் அடைகின்றன. கலன் கட்ட நினைப்பவர், ஒரு வாரம் தொழுவத்தில் அள்ளிய சாணத்தை மட்டும் கூடையில் நிறுத்துப் பார்த்து, அதன் ஒரு நாள் சராசரியை 25ஆல் வகுத்துக்கொள்ளட்டும். வரும் விடைதான் அவர் கட்ட வேண்டிய கலனின் கன மீட்டர் அளவு.